ஒதுங்கி நின்ற வண்டிகள்

எதிரே வந்த, மரம் ஏற்றிய லாரி சாலையை விட்டுப் புல்லில் இறங்கி நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் ஹெர்ஷல் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

"பாத்தியாடா லமார்? உன் இஞ்சின் சத்தத்தைக் கேட்டே ஓரங்கட்டிட்டான்!"

லமாருக்கும் சிரிப்பு வந்தது. கோடை முழுக்க வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன் அவன். இன்றைக்குத்தான் வண்டி ரோட்டைப் பார்க்கிறது. வெளுத்த பச்சை நிறத்தில் ஒரு கிழட்டு பிக்கப். அதன் மூக்குக்குள், அதைவிட ஒரு தலைமுறை இளைய இஞ்சின். சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் பிடித்துக்கொண்டது. இருமல் இல்லை, தும்மல் இல்லை. சோக்கை இழுத்து வைத்துக்கொண்டு கெஞ்ச வேண்டியதும் இல்லை.

லாரியைத் தாண்டியதும் தபால் வண்டி ஓரமாக நின்றது. அடுத்த வளைவில் ஒரு டிராக்டர். அதை ஓட்டிய கிழவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"அட, மரியாதையைப் பாரு!" என்று ஹெர்ஷல் தன் தொப்பியையும் கழற்றினான். ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டி, பட்டத்து இளவரசன்போலத் தலையசைத்துக்கொண்டே வந்தான்.

அலபாமாவின் அந்த மேட்டுப்பகுதியில் எதிரே வரும் வண்டிக்காக ஒருவர் ஓரங்கட்டி நிற்பது ஒரே காரணத்துக்குத்தான். சவ ஊர்வலம் வந்தால் நிற்பார்கள். செத்தவர் யாரென்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. பகலிலேயே விளக்கைப் போட்டு, புல்லில் இறங்கி, தொப்பியைக் கழற்றி, கடைசிக் கார் போகும்வரை காத்திருப்பார்கள். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளும் முன்பே பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் பாடம் அது.

லமாருக்கு அது தெரியாததல்ல. ஆனால் சனிக்கிழமை மதியம், பக்கத்தில் ஹெர்ஷல் வறுத்த வேர்க்கடலையை மென்று தோலை ஜன்னல் வழியாகத் துப்பிக்கொண்டிருக்கும்போது, சாவு நினைவு யாருக்கு வரும்?

புதன்கிழமை ஹெர்ஷல் செத்துப்போனான். கோழிப்பண்ணைக் கொட்டகையில், தீவன வாளி கையில் இருக்க, நின்றவாக்கில் சரிந்துவிட்டான். இதயம் என்றார்கள். அதற்கு முன் ஒரு தலைவலிக்குக்கூட மாத்திரை போட்டவனில்லை.

அந்த இஞ்சினைக் கண்டுபிடித்துக் கொடுத்ததே ஹெர்ஷல்தான்.

பிக்கப் லமாரின் மனைவி வைனெலுடைய அப்பாவின் சொத்து. வைனெல் வண்டி ஓட்டக் கற்றதும் அதில்தான், முதல் முறையாக ஒரு வேலியை இடித்ததும் அதில்தான். அப்பா போன பிறகு கொட்டகையில் கிடந்து, பழைய ஆறு சிலிண்டர் இஞ்சின் ஒரு கடுங்குளிரில் வெடித்து விரிசல் விட்டது. இந்த வருடம் வைனெலுக்குப் புற்றுநோய் சிகிச்சை. போன வசந்தத்தில் தலைமுடியெல்லாம் கொட்டிக் கிடந்த நாளில் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இலையுதிர்காலத்துல பர்மிங்ஹாமுக்கு ஸ்கேனுக்குப் போகணும் இல்ல? அப்ப எங்கப்பா வண்டியில கூட்டிட்டுப் போ. உன் கார்ல உக்காந்தாலே எனக்கு ஆஸ்பத்திரி வாடை வருது."

லமார் சாண்ட்லின் பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக். கார்புரேட்டர் வைத்த கிழ இஞ்சினை நம்பி, சிகிச்சையில் இருக்கும் மனைவியை அவ்வளவு தூரம் கூட்டிப்போக மாட்டான். பெட்ரோலைப் பீய்ச்சி ஓடும் இஞ்சின்தான் வேண்டும், ஆனால் தன் கைக்குப் புரிகிற பழைய ரகமாக இருக்க வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தான். அப்போதுதான் ஹெர்ஷல் ஓடி வந்தான்.

"லெகெட் ஈமச்சடங்கு நிலையத்துல பழைய அமரர் ஊர்திய உடைக்கப் போடுறாங்கடா. பாடி துருப்பிடிச்சுப் போச்சு. ஆனா இஞ்சின்? யோசிச்சுப் பாரு. சர்ச்சுலேர்ந்து கல்லறைக்கு, கல்லறையிலேர்ந்து வீட்டுக்கு. நடை வேகம். ஒருத்தனும் மிதிச்சிருக்க மாட்டான். ஆயில் மாத்தாம விட்டிருக்கவும் மாட்டான். பொண வண்டி நடுரோட்டுல நின்னா அந்தக் குடும்பம் சும்மா விடுமா?"

வைனெல் முதலில் முகத்தைச் சுளித்தாள். "எங்கப்பா வண்டியில பொண வண்டி இஞ்சினா?"

"உங்கப்பா கடைசியா போனதே அந்த வண்டியிலதான்" என்றான் லமார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப சரி. தெரிஞ்ச இஞ்சின்தான்."

இப்படி இஞ்சின் மாற்றுபவர்கள் எல்லோரும் அறிந்த விதி ஒன்று உண்டு. கொடுக்கிற வண்டியிலிருந்து எதையும் விட்டுவிட்டு வரக்கூடாது. இஞ்சினோடு அதன் கம்ப்யூட்டர் பெட்டி, ஒவ்வொரு ஒயர், டேங்குக்குள் இருக்கும் பம்ப், புகைக்குழாயில் குத்திய சென்சார், வேகத்தை அளக்கும் சென்சார் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் பெட்டி முரண்டு பிடிக்கும். லமார் எல்லாவற்றையும் எடுத்து வந்தான். இஞ்சின் உட்காரத் தாங்கிகளைப் புதிதாகப் பற்றவைத்தான். மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பத் தனிக் குழாய் இழுத்தான். பேனட் மூட ஒரு விரற்கடை இடம்தான் மிஞ்சியது.

இன்னொரு காரியமும் செய்வார்கள். பெட்டிக்குள் இருக்கும் சிப்பைக் கழற்றி அனுப்பி, புது வண்டிக்கு ஏற்றபடி மாற்றி எழுதி வாங்குவார்கள். லமார் அதை மட்டும் செய்யவில்லை. "நல்லா ஓடுறதை எதுக்கு நோண்டணும்?" என்று விட்டுவிட்டான். ஆகவே அந்தப் பெட்டியைப் பொறுத்தவரை, அது இன்னும் அமரர் ஊர்திக்குள்தான் இருந்தது.

ஹெர்ஷலின் அடக்கம் முடிந்து சில நாட்களில், பள்ளிக் கால்பந்துப் பயிற்சியாளர் ப்ரூவிட்டின் கார் பேருந்துக் கொட்டகை வாசலிலேயே படுத்துவிட்டது. லமார் அவரை வீட்டில் விட பிக்கப்பில் ஏற்றிக்கொண்டான். ப்ரூவிட் நாற்பது வயதுக்காரர், காளைமாடு போல இருப்பார்.

ஊரைத் தாண்டியதும் எதிரே வந்த கார் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓரமாக இறங்கியது. பின்னாலேயே ஒரு வேன். பிறகு வைக்கோல் உருளைகள் ஏற்றிய ஒரு லாரி.

ப்ரூவிட் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். "நமக்குப் பின்னாடி ஏதாவது ஊர்வலம் வருதா லமார்?"

"இல்லையே கோச்."

"பின்ன யாருக்கு ஒதுங்குறாங்க?"

"உங்களுக்குத்தான். வெள்ளிக்கிழமை ஜெயிச்சீங்க இல்ல?"

"அப்ப தோத்தா லாரிய மேல ஏத்துவாங்களா?" என்று ப்ரூவிட் சிரித்தார். லமார் சிரிக்கவில்லை. வைக்கோல் லாரிக்காரன் தொப்பியைக் கழற்றியிருந்தான்.

மான் வேட்டைக் காலம் அது. அந்த வார இறுதியில் ப்ரூவிட் காட்டில் மரத்தின்மேல் கட்டிய பரணில் உட்கார்ந்திருந்தார். பரணைக் கட்டியிருந்த வார் அறுந்தது. கீழே விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

லமார் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். தானே ஒரு முறை சிரித்துப் பார்த்தான். கொட்டகையில் அந்தச் சிரிப்பு அவன் காதுக்கே நன்றாக இல்லை.

தனியாகப் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு போனான். ஒருவரும் ஒதுங்கவில்லை. ஒரு பையன் ஹாரன் அடித்து, நடுவிரலைக் காட்டிவிட்டே தாண்டிப் போனான். லமாருக்கு அவனை நிறுத்திக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

ஞாயிறன்று சர்ச்சில் பியானோ வாசிக்கும் மிஸ் ஓபலை வீட்டில் விடும்படி ஆனது. தொண்ணூறைத் தாண்டியவர். நடந்தால் எலும்புகள் உரசும் சத்தம் கேட்கும். ஆக்ஸிஜன் உருளையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். லமார் வண்டியை மெல்ல உருட்டினான்.

"என்ன லமார், ஏன் இப்படி நத்தை மாதிரி ஓட்டுற? நான் இன்னும் சாகலப்பா" என்றார் மிஸ் ஓபல்.

எதிரே கார்கள் வந்தன. வந்த வேகத்தில் போயின. ஒன்றுகூட ஒதுங்கவில்லை. மிஸ் ஓபல் அடுத்த ஞாயிறும் வந்து பியானோவை அடித்து நொறுக்கினார்.

ஆக, வயதும் வியாதியும் பொருட்டில்லை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கு நாள் நெருங்கிவிட்டதா, அவ்வளவுதான். ரோட்டுக்கு அது தெரிந்திருந்தது.

தபால் வண்டி ஓட்டும் நியூட்டனைப் பெட்ரோல் பங்க்கில் மடக்கினான்.

"அன்னிக்கு ஹெர்ஷலும் நானும் வந்தப்ப நீ ஏன்யா ஓரங்கட்டின?"

நியூட்டன் காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அதான் எனக்கும் தெரியல லமார். வளைவுல உன் வண்டி வந்துச்சு. கை தானா விளக்கைப் போட்டுச்சு. எங்கம்மாவ அடக்கம் பண்ணப் போனப்ப தொண்டைய அடைச்சுதே, அதே மாதிரி அடைச்சுது. நீங்க தாண்டிப் போன பிறகுதான், ஐயோ இது லமாரோட பிக்கப்தானேன்னு தோணுச்சு."

"இதுக்கு முன்னாடி இப்படி ஆகியிருக்கா?"

"பொண வண்டிக்கு ஆகும். எல்லாருக்கும் ஆகுறதுதானே?"

லமார் நேராக லெகெட் ஈமச்சடங்கு நிலையத்துக்குப் போனான். திரு. லெகெட் எப்போதும்போலக் கறுப்புக் கோட்டில், யாரோ தூங்குவதுபோல மெல்லிய குரலில் பேசினார்.

"இஞ்சின்ல ஏதாவது குறையா மிஸ்டர் சாண்ட்லின்?"

"குறை இல்ல சார். அந்த வண்டிய நீங்க ஓட்டினப்ப... சவப்பெட்டி இல்லாம, சும்மா வெளிய போறப்ப... எதிர்ல வர்றவங்க ஒதுங்குவாங்களா?"

லெகெட் தன் நகங்களைப் பார்த்தார். "சில நாள் ஒதுங்குவாங்க, சில நாள் ஒதுங்க மாட்டாங்க. கறுப்பா நீளமா வண்டி வந்தா ஜனங்க ஒதுங்கத்தானே செய்வாங்க? அதுல நான் என்னத்தைப் பிரிச்சுப் பாக்க முடியும்?"

"உங்ககூட யாராவது உக்காந்து வந்தப்பவா சார்?"

"என் தம்பிய ஒரு தடவை பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன்" என்று தொடங்கினார். பிறகு எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "நான் இருபது வருஷம் அந்த வண்டிய ஓட்டினவன். நல்லாத்தான் இருக்கேன். ஓட்டுறவனுக்கு ஒண்ணும் இல்ல மிஸ்டர் சாண்ட்லின். பத்திரமா போயிட்டு வாங்க."

லமார் அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டான். ஓட்டுகிறவனுக்கு ஒன்றும் இல்லை.

கம்ப்யூட்டர் பெட்டியின் நினைவை அழித்துப் பார்த்தான். அந்தக் காலத்துப் பெட்டிகள் வண்டி ஓடும் பழக்கத்தைக் கற்று வைத்துக்கொள்ளும். பேட்டரி ஒயரைக் கழற்றி விட்டால் கற்றதெல்லாம் மறந்துபோகும். கழற்றி வைத்துவிட்டு மறுநாள் மாட்டினான். இஞ்சின் சற்று நேரம் புதுப் பெண்போலத் தடுமாறியது. பிறகு சீராகிவிட்டது. அன்று கட்டட வேலைக்காரன் ஒருவன் கட்டைவிரலைக் காட்டி வண்டி கேட்டபோது, லமார் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். சோதித்துப் பார்க்கத் துணிச்சல் இல்லை.

வைனெலின் ஸ்கேன் அடுத்த வாரம்.

அவள் தினமும் ஒரு முறையாவது கொட்டகை வாசலில் வந்து நின்றாள். முடி கோழிக்குஞ்சுபோல முளைக்கத் தொடங்கியிருந்தது. "என்னைய ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போ" என்பாள். பிரேக் சரியில்லை என்பான். பம்ப் சத்தம் போடுகிறது என்பான். ஒரு நாள் டயர்மீதே பழியைப் போட்டான்.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் வந்தபோது, ஹெர்ஷலின் இஞ்சின் தூக்கும் கிரேனைப் பிக்கப்பின் மூக்குக்கு மேலே நிறுத்தியிருந்தான் லமார். சங்கிலி தொங்கிக்கொண்டிருந்தது.

"என்ன பண்ற?"

"இறக்கப் போறேன்."

"எதை? நல்லா ஓடுற இஞ்சினையா? பைத்தியமா உனக்கு?"

"வைனெல், உள்ள போ."

அவள் உள்ளே போகவில்லை. கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளியில் உட்கார்ந்துவிட்டாள். முப்பது வருடம் வாழ்ந்தவளிடம் எவ்வளவு நேரம் பொய் சொல்ல முடியும்? லமார் சங்கிலியைப் பிடித்தபடியே எல்லாவற்றையும் சொன்னான். ஹெர்ஷல், ப்ரூவிட், மிஸ் ஓபல், நியூட்டன், லெகெட்.

அவள் குறுக்கே ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "மிஸ் ஓபலுக்கு ஒருத்தருமே ஒதுங்கலையா?"

"ஒருத்தரும் இல்ல."

"கிழவி நம்ம எல்லாரையும் அடக்கம் பண்ணிட்டுத்தான் போவா." வைனெல் எழுந்தாள். கையை நீட்டினாள். "சாவியக் குடு."

"மாட்டேன்."

"லமார், நான் சொல்றதைக் கேளு. அடுத்த வாரம் அந்தக் குழாய்க்குள்ள படுத்துட்டு வருவேன். அப்புறம் வீட்டுல உக்காந்து டாக்டரோட போனுக்குக் காத்திருக்கணும். போன தடவை நீ வேலைக்குப் போயிட்ட. நான் அந்தப் போனைப் பாத்துக்கிட்டே பாத்திரம் கழுவினேன். எத்தனை தட்டை உடைச்சேன்னு உனக்குச் சொன்னதில்ல. ரோடு இன்னிக்கே சொல்லும்னா, கேட்டுட்டுப் போறேனே."

"ரோடு சாவுன்னு சொன்னா?"

"ஒரு வாரம் மிச்சம் இருக்கும். என் தங்கச்சிகூடப் பேசுவேன். அலமாரிய ஒழுங்கு பண்ணுவேன். உனக்குச் சோளரொட்டி சுடக் கத்துக் குடுப்பேன், இல்லன்னா நீ கடையில வாங்கித் தின்னே செத்துருவ."

"வைனெல்..."

"இது எங்கப்பா வண்டி. நீ இஞ்சினைத்தான் மாத்தின."

அவன் சங்கிலியை விட்டான். அது ஆடிக்கொண்டே இருந்தது.

"நான்தான் ஓட்டுவேன்" என்றான்.

வீட்டுச் சந்திலிருந்து நெடுஞ்சாலையில் ஏறினார்கள். வெயில் நன்றாக அடித்தது. வைனெல் கண்ணாடியை இறக்கி, முளைத்துவரும் முடியில் காற்றை வாங்கினாள். இருக்கையைத் தடவிப் பார்த்து, "எங்கப்பாவோட சுருட்டு ஓட்டை இங்கதான் இருந்துச்சு" என்றாள். லமார் சாலையின் தொலைவில் இருந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெகுநேரம் எந்த வண்டியும் வரவில்லை. இரண்டு பக்கமும் கொடி ஏறி மூடிய மரங்கள். இஞ்சின் முணுமுணுத்துக்கொண்டே ஓடியது.

பிறகு வளைவில் ஒரு வண்டி தெரிந்தது. நீல நிறம். நேராக வந்தது. வேகமாக வந்தது. லமார் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

பட்டப்பகலில் அதன் இரண்டு விளக்குகளும் எரிந்தன. வண்டி மெல்லப் புல்லில் இறங்கி நின்றது. உள்ளே இருந்தவன் தொப்பியைக் கழற்றித் தலையைக் குனிந்துகொண்டான்.

வைனெல் லமாரின் முழங்காலில் கையை வைத்தாள்.

அதன் பின்னால் ஒரு பள்ளிப் பேருந்து. லமார் போன வாரம்தான் அதற்கு பிரேக் மாற்றியிருந்தான். அதுவும் ஒதுங்கியது. கூச்சல் போட்டுக்கொண்டு வர வேண்டிய பிள்ளைகள் ஜன்னல் ஜன்னலாக வாயை மூடிக்கொண்டு பார்த்தார்கள். ஒரு சிறுமி நெஞ்சில் கையை வைத்திருந்தாள்.

லமார் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்தான். தோள்கள் குலுங்கின.

"சரி, தெரிஞ்சுபோச்சு" என்றாள் வைனெல். "போனுக்குக் காத்திருக்கிறதைவிட இது தேவல."

அவன் கதவைத் திறந்து இறங்கி, நாலடி நடந்து, பள்ளத்தின் விளிம்பில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். மதியச் சாப்பாடு முழுக்க வெளியே வந்தது.

வைனெல் நீள இருக்கையில் நகர்ந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் வந்தாள். "நீ இந்த நெலமையில ஓட்டினா ரெண்டு பேரும் இன்னிக்கே போய்ச் சேருவோம். அங்கயே நில்லு. நான் சர்ச் வாசல்ல திருப்பிட்டு வர்றேன்."

அவன் தலையாட்டினான். வேறு என்ன செய்வது? பிக்கப் கிளம்பிப் போவதை அழுத கண்ணோடு பார்த்துக்கொண்டு நின்றான்.

சர்ச் பக்கமிருந்து கோழிக் கூண்டுகளை அடுக்கிய லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. இதோ ஒதுங்கப் போகிறது என்று லமார் பல்லைக் கடித்தான்.

லாரி ஒதுங்கவில்லை. வேகம்கூடக் குறையவில்லை. பிக்கப்பை உரசுவதுபோலத் தாண்டி, ஹாரனை அலறவிட்டு, லமார் முகத்தில் வெள்ளை இறகுகளை வாரியடித்துவிட்டுப் போனது.

அடுத்து ஒரு சிவப்புக் கார். ஓட்டிய பெண் போனில் பேசிச் சிரித்துக்கொண்டே போனாள். அவளும் ஒதுங்கவில்லை.

ஓட்டுகிறவர்களுக்கு ஒன்றும் இல்லை, அதனால்தான் என்று லமார் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அப்படிச் சொன்னது யார்? லெகெட். லெகெட் ஏன் நன்றாக இருக்கிறார்? அவருக்கு இன்னும் நாள் வரவில்லை, அவ்வளவுதானே? தனியாக ஓட்டியபோது தனக்கு ஒருவரும் ஒதுங்காததும் அதனால்தானே? அதெல்லாம் போன வாரத்துக் கதை. இன்றைக்கு அவன் இன்னும் தனியாக ஓட்டிப் பார்க்கவில்லை.

எந்த இருக்கை என்பது கணக்கில்லை. உள்ளே இருக்கும் ஆளுக்குத்தான்.

இப்போது உள்ளே இருப்பது வைனெல் மட்டும். அவளுக்கு ஒருவரும் ஒதுங்கவில்லை. அப்படியானால் முன்பு ஒதுங்கியது யாருக்கு?

லமார் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். பயம் வரும் என்று எதிர்பார்த்தான், வரவில்லை. அதற்குப் பதில் நெஞ்சு நிறைய ஏதோ ஏறிவந்து, அவனைச் சிரிக்கவே வைத்துவிட்டது. ஆளில்லாத ரோட்டில் நின்று கொஞ்ச நேரம் வாய்விட்டுச் சிரித்தான்.

பிக்கப் திரும்பி வந்தது. எதிர்ப்பட்ட இரண்டு கார்கள் அதை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் தாண்டின. வைனெல் ஜன்னலில் கையை ஆட்டிக்கொண்டே வந்து நிறுத்தினாள்.

"லமார்! ஒருத்தன்கூட ஒதுங்கல! அந்தக் கோழி லாரிக்காரன் என்னைய இடிச்சே தள்ளியிருப்பான், கேடுகெட்டவன்! உன் ரோட்டுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு! எனக்கு ஒண்ணும் இல்..."

அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் பேச்சு நின்றது. கண்கள் அவன்மீதிருந்து காலியான பக்கத்து இருக்கைக்குப் போய், மறுபடி அவனிடம் வந்தன. முகத்திலிருந்த ரத்தமெல்லாம் வடிந்துபோனது.

"இல்ல" என்றாள்.

லமார் சுற்றி வந்து வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தான். "ஓட்டு."

"ஓட்டுறவங்களுக்குக் கணக்கு இல்லன்னு நீதானே சொன்ன? அதனாலதான் எனக்கு ஒதுங்கல. இதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல. இறங்கு, இடம் மாத்தி உக்காருவோம்..."

"வைனெல், வீட்டுக்குப் போவோம். வெயில் சாயுது."

அவள் கியரைப் போட இரண்டு முறை முயன்றாள். பிக்கப் நகர்ந்தது.

வளைவு வருவதற்குள் தூரத்தில் ஒரு ஜோடி விளக்குகள் எரிந்தன. பிறகு இன்னொரு ஜோடி. வண்டிகள் ஒவ்வொன்றாகப் புல்லில் இறங்கின.

"இது எனக்குத்தான்" என்றாள் வைனெல், கடைசி கேக் துண்டுக்குச் சண்டை போடும் பிள்ளைபோல. கண்ணீர் தாடையில் வழிந்துகொண்டிருந்தது. "கேட்டியா? எனக்கு."

"உனக்கு இல்ல. நீதான் பாத்தியே."

"எனக்குடா!"

அவன் ஜன்னலில் கையை வைத்து, நின்றுகொண்டிருந்தவர்களுக்கு ஒவ்வொருவராகத் தலையசைத்தான். துக்கக் குடும்பத்தார் அப்படித்தான் நன்றி சொல்வார்கள். ஒரு கிழவி காரைவிட்டே இறங்கி நின்றாள். அவளுக்குக் கையை உயர்த்திக் காட்டினான். பிறகு மனைவி பக்கம் திரும்பினான்.

"அடுத்த வாரம் டாக்டர் போன் பண்ணுவாரு. மணி அடிச்சா பயப்படாம எடு" என்றான்.

வைனெல் உதட்டைக் கடித்துக்கொண்டு, எதிரே வரிசையாக ஒதுங்கிக்கொண்டிருந்த விளக்குகளுக்கு நடுவே வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள்.